ஆறு பாட்டில் கறுப்பு

“கலர் பிரிண்டர்ல கீற கலரையெல்லாம் புடுங்கிக் கடாசிட்டு, ஆறு பாட்டில்லயும் கறுப்பை ஊத்துவியா? உனுக்கு இன்னா, காத்து கருப்பு எதுனா அண்டிடுச்சா?”

“ஆறும் கறுப்பு இல்லண்ணா. ஒண்ணுதான் கறுப்பு. மீதி அஞ்சும் சாம்பல்.”

“கேட்டியாம்மா? சாம்பலாம்! கல்யாணத்துக்கு போட்டோ போடுற எடத்துல குந்திகினு சாம்பல் கரைக்கிறா உன் பொண்ணு!”

தெரு முழுக்கக் கேட்டது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. எங்கள் வீட்டு முன் ஜன்னலும் சரோஜா ஸ்டுடியோவின் வாசலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு சாக்கடையும் அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லும்தான். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையைச் சாய்த்துவிட்டு எழுந்தேன். சண்டை நடக்கும் இடத்தில் தள்ளி நிற்பது நாகரிகம் என்பார்கள். தள்ளி நின்றால் யார் பக்கம் நியாயம் என்று எப்படித் தெரியும்? கொத்தமல்லி கேட்கிற சாக்கில் கல்லைத் தாண்டினேன்.

கத்தியவன் தீனதயாளன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தான். போர்டில் அம்மா பெயர். அம்மா சரோஜா நல்ல குரல்வளத்தோடு பின்கட்டில் இருந்தாள். சாம்பல் கரைத்தவள் தங்கை சுஜாதா. கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவளுடையது. மணப்பெண்ணுக்குப் பருவைத் துடைப்பாள், மாப்பிள்ளைக்கு நெற்றியில் கொஞ்சம் முடி வைப்பாள், இரண்டு பேருக்கும் பின்னால் சுவிட்சர்லாந்தைக் கொண்டுவந்து நிறுத்துவாள். எங்கள் தாலுகாவில் சுவிட்சர்லாந்து போகாமல் கல்யாணம் ஆனவர்கள் குறைவு.

அவள் வேறு மாதிரிப் படமும் எடுப்பாள், அதுதான் வினை. லீவு நாளில் பஸ் ஏறி மகாபலிபுரம் போய்விடுவாள். கோயில் இருக்கிறது, ரதம் இருக்கிறது, உலகமே அதைத்தான் எடுக்கிறது. இவளோ பாதி செதுக்கி அப்படியே விட்ட பாறையை எடுப்பாள். அலை வந்து போன ஈர மணலை எடுப்பாள். அதையும் கறுப்பு வெள்ளையில். “வெறும் மண்ணைப் புடிச்சிகினு வந்துகீறா. மண்ணு நம்ம வூட்டுப் பின்னால இல்லியா?” என்று சரோஜா கேட்பாள். நியாயமான கேள்வி.

ஆனால் அந்த மண்ணைக் கேட்டு ஒருவன் வந்தான். கிரிதர் என்று பெயர். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதிக்கு உள் அலங்காரம் பார்க்கிறவன். மெட்ராஸ்காரன், கதர் சட்டை, காலில் கோலாப்பூர் செருப்பு. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவன் கம்ப்யூட்டர் திரையில் அந்த ஈர மணலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்ட வேண்டுமாம். “மெட்ராஸ் லேப்ல சாம்பிள் போட்டுப் பார்த்தேங்க. ஒண்ணு நீலமா வருது, ஒண்ணு டிகாக்‌ஷன் மாதிரி வருது. எனக்கு நிறமே இருக்கக் கூடாது. உங்களால முடியுமா?” என்றான்.

“முடியும்” என்றாள் சுஜாதா. எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தெரியாது என்று.

அன்றைக்குப் போனது அவள் தூக்கம். ஸ்டுடியோவில் பெரிய தாள் போடும் இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று இருந்தது. மை டப்பா அடிக்கடி தீர்ந்துபோகிறதென்று தீனதயாளன் மெட்ராஸ் ரிச்சி தெருவில் கொடுத்து வெளியே ஆறு பாட்டில் வைத்து, குழாய் இழுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி இருக்கும். அதில் முதல் படத்தைப் போட்டாள். சாம்பலாகத்தான் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

“அக்கா, இது இன்னா கலர்?”

“சாம்பல்.”

என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். வெயிலில் நீட்டினாள். “இப்போ?”

பாசி பிடித்த மாதிரி இருந்தது. “பச்சையடிக்குதுடி.”

பிடித்த கையை விடாமல் அவர்கள் வீட்டுச் சாமி அறைக்கு இழுத்துப்போனாள். அங்கே மஞ்சள் குண்டு பல்பு. படம் லேசாகச் சிவந்து, ஜுரம் வந்தவன் கன்னம் மாதிரி ஆகியிருந்தது.

“மூணு எடத்துல மூணு கலரா? பச்சோந்தியாடி அது?” என்றாள் சரோஜா.

“கலர் மையையெல்லாம் கலந்து சாம்பல் மாதிரி நடிக்க வெக்கிதும்மா இந்த மெஷின். ட்யூப்லைட்ல நடிப்பு நல்லாத்தான் கீது. வெயில்ல வேஷம் கலைஞ்சிடுது.”

விடுதியிலோ பகலெல்லாம் கடல் வெளிச்சம், இரவில் மஞ்சள் விளக்கு. பகலில் பச்சை மணல், இரவில் சிவப்பு மணல் என்று மாட்ட முடியுமா?

பிறகு கறுப்பு மை மட்டும் போட்டுப் பார்த்தாள். நிறம் அடங்கியது. ஆனால் வெளிர் மணலில் எல்லாம் புள்ளி புள்ளியாக, அம்மை போட்ட முகம். ஒரே கறுப்பு மையை வைத்துக்கொண்டு வெளிர் நிறம் காட்ட வேண்டுமென்றால் மெஷின் புள்ளியைத் தள்ளித் தள்ளித்தான் வைக்குமாம். புள்ளி தெரியாமல் இருக்க வேண்டுமானால் மையே வெளிராக இருக்க வேண்டும். அப்போதுதான் இந்த யோசனை வந்தது: கறுப்பு மையை ஐந்து விதமாக நீர்க்கவைத்து, நீலம், மஞ்சள் இருந்த பாட்டில்களில் ஊற்றிவிடுவது. மெஷினில் நிறமே இல்லையென்றால் நிறம் எங்கிருந்து வரும்?

அதற்கும் வெறும் தண்ணீர் உதவாது, தனி திரவம் வேண்டும். ரிச்சி தெருவில் மை விற்கிற சுப்புராமன் என்பவனை போனில் பிடித்தாள். பிடித்த நாளிலிருந்து சண்டை.

“நீங்க குடுத்தது கறுப்பே இல்ல சார். ஒரு வாரம் வெயில்ல வெச்சேன், கத்தரிப்பூ கலராயிட்ச்சு… யாரு வெயில்ல வெக்கச் சொன்னாங்களா? பின்ன, சுவத்துல மாட்ற படத்தை பீரோவுலயா வெப்பாங்க?”

மையைச் சும்மா வைத்துப் பார்க்கவில்லை அவள். ஒவ்வொரு மையிலும் ஒரு துண்டு போட்டு, துணிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். சரோஜாவின் உள்பாவாடைக்கும் தீனதயாளனின் லுங்கிக்கும் நடுவில் வரிசையாகக் கடல் மணல். அதே மாதிரி இன்னொரு வரிசை, மகாபலிபுரத்தில் தெரிந்த சிற்பக்கூடத்து ஜன்னலில், உப்புக் காற்றில். தண்ணீர் மாதிரிக் கரைந்திருக்கிற சாய மை அங்கே வெளுத்தது. பொடியாக அரைத்த நிறமி மை நின்றது. சரி, நிறமிதான் என்று முடிவானதும் தாள் தகராறு. பளபளப்பான தாளில் அந்த மை மேலேயே உட்கார்ந்துகொண்டு விரல் பட்டால் ஒட்டியது. சொரசொரப்பான மேட் தாளில் உள்ளே இறங்கிப் பிடித்தது. அந்தக் கோடையில் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டோடு வாசலுக்கு வந்து கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

இத்தனையும் செய்துவிட்டு, ஆறு பாட்டிலையும் கவிழ்க்கப் போன இடத்தில்தான் அண்ணன் பிடித்துக்கொண்டான். அந்தச் சண்டையில்தான் நான் கொத்தமல்லி கேட்டுப் போனேன்.

“வாங்கக்கா, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த” என்றான் தீனதயாளன். என்னைக் கண்டதும் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி அவன் குரல் இன்னும் ஏறியது. “நாளைக்கி ஒருத்தன் கலர் படம் கேட்டு வந்தா நான் இன்னா பண்றது? ரேஷன் கடை மாதிரி இன்னிக்கி கறுப்புதான்னு சொல்றதா?”

“ஆடி பொறக்கப்போவுதே தீனா. முகூர்த்தமே கெடையாது. யாரு வரப்போறாங்க?” என்றேன்.

வாய் சும்மா இருந்தால்தானே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்வையில் நன்றி. அவன் பார்வையில் கணக்கு ஓடியது.

அவனுடைய அவசரம் எனக்குத் தெரியும். தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் அவன் கட்ட முடியும். அவனுக்கே முப்பத்துநாலு. வேடந்தாங்கல் பக்கத்துப் பார்வதம் மகன் தணிகாசலத்தை சுஜாதாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலம் உண்டு, இரண்டு வேன் உண்டு. சீசனில் பறவை பார்க்க வருகிறவர்களையும் பொத்தேரி காலேஜ் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குவான். ஆவணி முதல் தேதி பெண் பார்க்க வருவதாக இருந்தது.

“சரி, கேட்டுக்கோ” என்றான் தீனதயாளன். “ஆடி முழுசும் மெஷின் உன்னுது. அந்தக் கதர் சட்டை உன் மண்ணை எடுத்துக்குறேன்னு ஆடிக்குள்ள சொல்லிட்டான்னா, நீ மகாபலிபுரத்துலயே கடை போடு, நான் குறுக்க வரல. சொல்லலியா, ஆவணி ஒண்ணாந்தேதி என் கலரை ஊத்திடுவேன். நீயும் தணிகாசலத்தைக் கட்டிகினு வேடந்தாங்கல் போய்க்கினே இரு.”

“சத்தியமா?”

“சந்திரம்மாக்கா சாட்சி.”

சாட்சியாக இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள், மரமெல்லாம் சீரியல் பல்பு. கரண்ட் இறங்கி ஏறியது. ஏறும்போது பிரிண்டர் பாதித் தாளில் நின்று முனகும், மணலுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும், தாள் குப்பைக்கு. “ஆத்தாளுக்கே புடிக்கல” என்றாள் சரோஜா. சுஜாதா கோயில் காரியக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். கூழ் ஊற்றுகிற அன்று மதியம், எல்லாரும் குடித்துவிட்டுப் படுத்த நேரத்தில்தான் நாலு படம் ஒழுங்காக வந்தது.

முதல் நல்ல படத்தை என்னிடம் காட்டினாள். ட்யூப்லைட்டில் சாம்பல். தெருவில் சாம்பல். சாமி அறையில் சாம்பல். நான் நம்பாமல் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

“நிறமே இல்லடி!”

“இல்லல்லக்கா?” என்று சிரித்தவள் அடுத்த நொடியே முகம் சுருங்கி, “அந்த ஓரத்து நெழல்ல மண்ணு தெரியாம கொஞ்சம் மூடிகினு இல்ல?” என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அதன்பிறகு அவள் தெருவில் இருந்ததைவிட பஸ்ஸில் இருந்தது அதிகம். கடல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டிய படங்களை மடங்காமல் கொண்டுபோக, சரோஜாவின் முட்டிக்கு எடுத்த எக்ஸ்ரே கவர் இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகிற பஸ்ஸில் தினம் யாராவது கேட்பார்களாம், “யாருக்கும்மா உடம்பு?” என்று. “அண்ணனுக்கு. தலையில” என்று சொல்வாளாம்.

தெருவிலும் பேச்சு கிளம்பாமல் இல்லை. கிளப்பியவள் சரோஜாவேதான். குழாயடியில் நின்றுகொண்டு, “எம் பொண்ணு மெஷின் பூராவும் கறுப்பை ஊத்தி வெச்சிகினு கீறாம்மா” என்று அவள் அழுததில், ‘அந்த மெஷின்ல சாவுப் படம் மட்டும்தான் வருமாம்’ என்று பஸ் ஸ்டாண்டு வரை பரவிவிட்டது. இரண்டு பேர் நிஜமாகவே செத்தவர்கள் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார்கள். சுஜாதா போட்டுக் கொடுத்தாள். பிரமாதமாக இருந்தது, அது வேறு விஷயம். தீனதயாளன் வாசலில் ‘கலர் போட்டோவும் எடுக்கப்படும்’ என்று புது அட்டை எழுதி மாட்டினான். அந்த ‘வும்’ஐப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

ஆடி கடைசி வாரத்தில் கிரிதர் வந்தான். நான் முன்கூட்டியே ஜன்னலுக்கு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் அவன் படத்தோடு உள்ளேயும் வெளியேயும் நடந்தான். பின்னாலேயே அவள் ஓடினாள். ஒரே படத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். தலை இரண்டும் கிட்டத்தட்ட இடித்தது. அன்று சாயங்காலமே தெருவில் சொல்லிவிட்டேன்: இது கல்யாணத்தில்தான் முடியும். எனக்கு இந்த விஷயங்களில் தப்பாது.

போகும்போது அவன் சொன்னது இதுதான்: “நாலு படத்தை எடுத்துட்டுப் போறேன். அறையில மாட்டி, காலையில, சாயங்காலம், விளக்கு போட்டுன்னு கொஞ்ச நாள் பார்த்துட்டு போன் பண்றேன்.”

“ஆடிக்குள்ள பண்ணிடுவீங்களா?” என்றாள் சுஜாதா.

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். மெட்ராஸ்காரனுக்கு ஆடி என்றால் தள்ளுபடி மட்டும்தான்.

போன் வரவில்லை. அது ஸ்டுடியோ மேசையில் இருந்த பழைய கறுப்பு போன். மணி அடித்தால் அவள் பின்கட்டிலிருந்து பறந்து வருவாள், எடுத்தால் சுப்புராமன். “இப்ப உங்ககூட சண்டை போட நேரமில்ல, வைங்க சார்” என்று வைத்துவிடுவாள். ஆடி கடைசி நாள் முழுக்க வாசலுக்கும் போனுக்கும் ஓடி ஓடி, சிமெண்டுத் தரை தேய்ந்திருக்கும். போன் வரவேயில்லை.

ஆவணி முதல் தேதி விடிந்தது. பார்வதம் குடும்பம் வருகிற நேரத்தை நாள்காட்டி பார்த்துக் குறித்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பார்வதத்தின் மகளுக்கு ஆனி கடைசியில் நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. படம் எடுத்தவன் தீனதயாளன்தான். சம்பந்தி வீட்டுக்கு அனுப்பப் பெரிய படம் வேண்டும், ஆனால் ஆடியில் பெண் படத்தைக் கையில் வாங்க மாட்டேன் என்றிருந்தாள் பார்வதம். ஆகவே ஆவணி ஒன்று, நல்ல நேரத்தில், அவர்கள் கண்ணெதிரே அந்தப் படத்தை பிரிண்டரில் போட்டுக் கையில் கொடுப்பது, அப்படியே சுஜாதாவையும் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. ‘சாவு மெஷின்’ பேரும் கழியும் என்று தீனதயாளன் நினைத்தான். யோசனை நல்ல யோசனைதான்.

காலையில் நான் கேசரிக்கு நெய் கொண்டுபோனபோது, அவன் சாம்பல் மையையெல்லாம் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தான். கடப்பைக் கல்லுக்குக் கீழே கறுப்பாக ஓடியது. அவள் பக்கத்தில் நின்றாள்.

“பாட்டில்ல கலர் ஊத்தினா மட்டும் பத்தாதுண்ணா. குழாய் பூராவும் என் மைதான் நிக்கிது. அத்த வெளிய இழுத்து, கழுவி, கலர் வர வரைக்கும் விட்டுகினே இருக்கணும். ஒரு நாள் ஆவும். நாளைக்குப் போட்டுக் குடுக்கலாம்.”

“நாளைக்கி நல்ல நேரம்னு உன் மாமனா குறிச்சிக் குடுத்தான்? இன்னிக்கி நேரம் பதினொண்ணரைக்கு முடியுது. அவுங்க வந்துகினே கீறாங்க.”

“நேரம் இல்லண்ணா முக்கியம், குழாய்…”

“சுஜா! ஒரு மாசம் உன் பேச்சைக் கேட்டாச்சு. போன் வந்துச்சா? வரல இல்ல? போய்ப் பொடவை கட்டு.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அத்தனை நாளில் அவள் ஓடாமல் நடந்து அன்றுதான் பார்த்தேன்.

பாட்டிலில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று நிரம்பின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெஷினுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, மூடிமேல் கதம்பம் சுற்றினான் தீனதயாளன். ஆயுத பூஜை தோற்றது.

வந்தார்கள். பார்வதம் பட்டுப்புடவையில், வேனின் முன் சீட்டிலிருந்து இறங்கினாள். தணிகாசலம் வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு வந்தான். பையன் மோசமில்லை. காபித் தட்டோடு சுஜாதா வந்தபோது, சுவரில் இருந்த மணலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“எங்க ஊருக்கு வந்து பறவை எதுனா எடுத்துகீறீங்களா?”

“கலர் இல்லாம எடுத்தா எல்லாம் காக்காதாங்க” என்றாள்.

அவன் சிரித்தான். பார்வதம் சிரிக்கவில்லை. கேசரியை விரலால் அழுத்திப் பார்த்தாள். “சரி, நேரம் ஓடுது. எம் பொண்ணு படத்தக் குடு, வாங்கிக்கிறேன்.”

தீனதயாளன் கற்பூரம் காட்டினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

இங்க்ஜெட் படம் ஒரேயடியாக வந்துவிடாது. அங்கும் இங்கும் ஓடி ஓடி, விரற்கடை விரற்கடையாக, தலையிலிருந்து கீழே இறங்கும். எல்லாரும் குனிந்து நின்றோம். முதலில் வந்தது பின்னணி. சுவிட்சர்லாந்து. வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது.

“மேகமா கீதா?” என்றாள் பார்வதம்.

“மேகம்தான்” என்றான் தீனதயாளன். அவன் நெற்றியில் குங்குமம் கரைய ஆரம்பித்திருந்தது.

அடுத்து தலையில் வைத்த மல்லிகை. வெள்ளை வெளேரென்று, நன்றாக வந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம். பிறகு நெற்றி. பிறகு கண். மஞ்சளும் சிவப்பும் போக வேண்டிய குழாயிலெல்லாம் சாம்பல் நின்றதால், முகத்துக்கு வேண்டிய அத்தனை நிறமும் கரியாக இறங்கியது. நிச்சயதார்த்தத்தில் மஞ்சள் பூசிச் சிரித்த பெண், புகை போட்ட அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தாள். பொட்டு கறுப்பு. உதடு கறுப்பு.

“டேய்! இன்னாடா இது? எம் பொண்ணு மூஞ்சிய இன்னாடா பண்ணி வெச்சிகீற?”

“ம்மா, கொஞ்சம் இரும்மா. இன்னும் கீழ வருதும்மா” என்றான் தணிகாசலம்.

கீழே வந்தது சிவப்புப் பட்டுப்புடவை. அதைவிடக் கறுப்பாக வந்தது. மெஷின் தன் வேலையை முடித்து, தாளை மெதுவாக வெளியே தள்ளியது. மாலை போடாத குறைதான். மாலையும் மூடிமேல் தயாராக இருந்தது.

“ஆவணி ஒண்ணாந்தேதி, கற்பூரம் காட்டி, உசுரோட கீற எம் பொண்ணுக்கு சாவுப் படம் போட்டுக் குடுக்கறியே, நீ வெளங்குவியா! இந்த வூட்ல பொண்ணு எடுத்தா நாளைக்கி எம் வூட்டுக்கு இன்னா வரும்? ஏறுடா வண்டியில!”

“அத்தை, கேளுங்கத்தை, குழாய்ல பழைய மை நின்னுடுச்சி, கழுவிட்டா…”

“கழுவுடா, நல்லாக் கழுவு!”

சுஜாதா காபித் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தாள். பட்டனைத் தட்டும் முன் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு தெருவில் கேட்டார்கள். காலையில் சொன்னாள், நான் கேட்டேன். இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கென்ன தலையெழுத்தா? வேன் கிளம்பியதும் தட்டை வைத்துவிட்டு அந்தப் படத்தை எடுத்தாள். நேரே வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தாள். அப்புறம் சாமி அறைக்கு.

“இன்னாடி பாக்குற அதுல?” என்று அலறினாள் சரோஜா.

“எங்கியும் மாறலம்மா” என்றாள்.

அண்ணன் அன்று முழுக்கக் கத்தினான். மறுநாளும் கத்தினான். “உன் மையாலதான் என் பொழப்பு பேஜாராச்சு!” “உன் நல்ல நேரத்தால!” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். எனக்குக் கத்தரிக்காய் நறுக்கவே நேரமில்லை. அதற்கடுத்த நாள் போன் அடித்தது. அடிப்பது சுப்புராமன்தான் என்று நினைத்து அவள் நிதானமாகத்தான் எடுத்தாள். கிரிதர். எல்லா அறைக்கும் போட்டுக் கொடுங்கள் என்றான்.

ஆடிக்குள் வரவில்லை, ஆகவே பேச்சு செல்லாது என்று தீனதயாளன் வாதாடிப் பார்த்தான். சாட்சி நான் இருந்தேனே. “வேடந்தாங்கலும்தான் போச்சே தீனா, எதைச் சொல்லி இவளை நிறுத்தப்போற?” என்றேன். அந்த மெஷினில் இனி எங்கள் ஊரில் எவனும் கல்யாணப் படம் போட வரமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். பார்வதத்தின் குரல் சரோஜாவின் குரலைவிடத் தூரம் போகிறது. “எடுத்துகினு போ. என் கண்ணுல படாம எடுத்துகினு போ” என்றான். பாட்டிலும் குழாயும் கதம்பமுமாக அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் மகாபலிபுரம் போனாள். அந்தச் சிற்பக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னலில் கடல் வெளிச்சம் வருகிறது, அதுதான் முக்கியமாம்.

தணிகாசலத்தைச் சும்மா விட்டுவிட முடியுமா? இரண்டு வேன். என் நாத்தனார் மகள் அம்முவுக்கு அந்தத் தையிலேயே முடித்துவைத்தேன். படம் மதுராந்தகத்தில் வேறு ஸ்டுடியோ, பின்னால் சுவிட்சர்லாந்து, எல்லாம் கலர். கிரிதர் மயிலாப்பூரில் ரமா என்று ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு முட்டுக்காட்டில் வீடு பிடித்துப் போய்விட்டான். பத்திரிகை எனக்கு வரவில்லை. சுஜாதா கட்டிக்கொண்டது சுப்புராமனை. போனிலேயே இரண்டு வருஷம் மைக்காக அடித்துக்கொண்டவர்கள்! ஜன்னலில் நான் பார்த்தது ஒருவனை, போனில் நடந்தது இன்னொருவனோடு. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. அவன் ரிச்சி தெருக் கடையை மூடிவிட்டு மகாபலிபுரம் வந்து சேர்ந்தான். இப்போது நேரிலேயே அடித்துக்கொள்கிறார்களாம்.

அந்த ஒரு நல்ல நேரத்துக்கு அவசரப்பட்டதில் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போன தீனதயாளனுக்கு, தங்கை கல்யாணம் முடிந்த ஐப்பசியில் காஞ்சிபுரத்தில் பெண் அமைந்தது. ஸ்டுடியோவை விட்டுவிட்டு மாமனார் ஊரோடு போய்விட்டான். சரோஜா மகளிடம் இருக்கிறாள். எதிர்க் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். இரண்டு பையன்கள், அண்ணன் தம்பியாம். காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு சத்தம் கிடையாது. எப்படித்தான் தொழில் நடத்துகிறார்களோ.